காரணம் எழுதும் கட்டம்

எங்கள் கடை பெரிய கடைவீதியில், மாடியில் இருக்கிறது. லாட்ஜுகளுக்குப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மொத்தமாகக் கொடுக்கிறோம். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அங்கே பில் போடுவது என் வேலை. பல வருஷமாக அதே நாற்காலி. ஒரே ஒரு தடவை சக்கரம் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஐப்பசியில் முதலாளி பில்லிங் சாஃப்ட்வேரோடு ஒரு ஏஐ ஏஜென்ட்டை இணைத்தார். தமிழில் கேட்டால் போதுமாம். எந்த வாடிக்கையாளரின் கணக்கையும் அதுவே தேடி எடுத்து, அவருக்கே மெயிலும் அனுப்பிவிடுமாம். "இனி நீங்க கஷ்டப்பட வேண்டாம்மா. இந்த மாசத்தோட ரெஸ்ட் எடுத்துக்கலாம்" என்றார். ஓய்வு வேண்டும் என்று இவரிடம் யார் கேட்டது? எனக்கு வேண்டியது சம்பளம். எரிச்சலை விழுங்கிக்கொண்டு "சரிங்க" என்றேன்.

அந்த ஏஜென்ட்டுக்குக் கிடைத்த முதல் வேலை, சமயபுரத்து லாட்ஜ்காரரின் கிரெடிட் நோட்டுகளைத் தேடி எடுப்பது. போட்ட பில்லில் கை வைக்கக் கூடாது. தொகையைக் குறைப்பதானால் கிரெடிட் நோட் என்று தனியாக ஒன்று போட வேண்டும். எங்கள் கடையில் அதை வாங்கும் முறையே வேறு. லாட்ஜ்காரர் மாதக் கடைசியில் மாடியேறி வருவார். நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்து, "இது துண்டா, கைக்குட்டையா?" என்று கத்துவார். முதலாளி காபி வரவழைப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒண்ணு போட்டுடுங்கம்மா" என்பார். துண்டை யாரும் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

சாஃப்ட்வேரில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் கிரெடிட் நோட் பதிவாகாது. ஆனால் அச்சில் அது வராது. அச்சில் வராததை யார் படிக்கப் போகிறார்கள் என்று நான் அதில் உண்மையை எழுதிவந்தேன்.

ஆடிட்டர் கேட்கிறார் என்று லாட்ஜ்காரர் போன் செய்தார். முதலாளி உற்சாகமாக, "சமயபுரம் லாட்ஜ் கிரெடிட் நோட் அத்தனையும் எடுத்து, முழு விவரத்தோட அவருக்கே அனுப்பு" என்று தட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "பாத்தீங்களா?" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

பார்த்தேன். ஏஜென்ட் ரொம்ப யோக்கியம். எதையும் மறைக்காமல் தேதி, தொகை, காரணம் என்று அட்டவணை போட்டு அனுப்பியிருந்தது. 'கத்தினார்.' 'கத்தினார்; காபி ஆறிவிட்டது என்று மறுபடியும் கத்தினார்.' 'துண்டில் குறையில்லை, கடையில் கூட்டம் இருந்தது.' 'முதலாளி பயந்துவிட்டார்.'

கடைசி வரியைப் படித்ததும் முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

"இதெல்லாம் நீங்க எழுதினதாம்மா?"

"ஆமாங்க."

"அவரு போயிட்டா பாதி வியாபாரம் போயிடும்மா!"

மாதக் கடைசி வரைகூட எனக்கு அங்கே வேலை இருக்காது என்று தெரிந்துபோயிற்று. அன்று சாயங்காலம் மேஜை டிராயரிலிருந்த என் டம்ளரையும் குடையையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் லாட்ஜ்காரர் வந்தார், கையில் அந்த அட்டவணையோடு. கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார். ஆடி மாதத்து வரி. 'வந்தார், கத்தவில்லை, காபியும் குடிக்கவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது. கேட்காமலே போட்டது.' வழக்கமாகப் போடுவதுதானே என்று முதலாளிகூட அப்போது கவனிக்கவில்லை.

"அன்னிக்குக் காலையிலதான் நெஞ்சுல அடைப்பு இருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. வீட்டுலகூட நான் மூச்சு விடலை. யாருங்க இதைக் கவனிச்சது?"

முதலாளி முந்திக்கொண்டார். "நம்ம புது ஏஐ-ங்க. எல்லாத்தையும் கவனிச்சுடும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆடியில் அந்த ஏஜென்ட் எங்கள் கடைப் பக்கமே வந்திருக்கவில்லை. போகிற வேலை போகட்டும் என்று எழுந்து நின்றேன்.

"நான்தாங்க எழுதினேன். கத்தினார்னு எழுதினதும் நான்தான்."

அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் முதலாளி பக்கம் திரும்பி, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"இந்தத் தடவை குடுத்த விரிப்பு ரெண்டு தொவைக்குச் சாயம் போயிடுச்சு! எனக்கு இந்தம்மாதான் பில் போடணும். மெஷின் போட்ட பில்லை நான் தொட மாட்டேன், ஆமா!"

முதலாளி காபிக்குச் சொல்லிவிட்டு என்னிடம் குனிந்தார். "ஒண்ணு போட்டுடுங்கம்மா" என்றார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "அடுத்த மாசமும் வாங்க."

தொகையைப் போட்டேன். காரணக் கட்டத்தில் எழுதினேன்: 'கத்தினார். உடம்பு தேவலை.'