ஸ்டோர் ரெங்கசாமி வைத்தியத்துக்குப் போனது

ரெங்கசாமியைப் பற்றிச் சொல்வதென்றால் அவனுடைய மூச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஹாலிஎலைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அந்த ஸ்டோரில் தூள் சலிக்கும் அறையில் பதினெட்டு வருடம் நின்றவன் அவன். மழை இல்லை, வெயில் இல்லை, அட்டைக்கடி இல்லை. மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அறை முழுக்க மிதந்த தூசி அவன் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்ததைப் பார்த்து மட்டும் யாரும் பொறாமைப்படவில்லை. அது வெளியே தெரியாதே. முப்பத்தைந்து வயதில் இழுப்பு வந்தது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான்.

பதுளைக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த மஹ்ரூப் முதலாளிதான் முதலில் வழி காட்டினார். காய்ந்த ஊமத்தை இலையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, இழுப்பு வரும்போது கொளுத்திப் புகையை உள்ளே இழுக்கச் சொன்னார். "எலைய மட்டுந்தான் தம்பி. கொட்டையில கைய வச்சிராதீங்க. அது வேற சாமான்" என்று இரண்டு தடவை சொன்னார். சொன்னதைக் கேட்டிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. ஸ்டோருக்குக் கீழே ஓடையோரம் ஊமத்தை காடாக முளைத்துக் கிடந்தது. புகை போதாமல் போன ஒரு நாள் அவன் கொட்டையை வாயில் போட்டான். மூச்சு இளகியதோ இல்லையோ, மூச்சுத் திணறும் ரெங்கசாமி காணாமல் போனான். அது அவனுக்குப் பிடித்துவிட்டது.

அதில் ஏதோ பெரிய சுகம் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வாய் வறண்டுபோகும். கண்மணி விரிந்து வெளிச்சமெல்லாம் கூசும். கையால் காற்றில் எதையோ பொறுக்குவான். இல்லாத ஆட்களோடு பேசுவான், அவர்கள் சொல்வதற்குத் தலையாட்டுவான். மறுநாள் எல்லாம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பேசியது, நடந்தது எதுவும் ஞாபகத்தில் நிற்காது. அவன் தேடியது அந்த வெறுமையைத்தான். நாளடைவில் தெளிந்திருக்கும் நாட்களும் வெறுமையாகத்தான் கழிந்தன. சோறு ருசிக்கவில்லை. மகள் பெரியவளான அன்று, வரிசை வீடுகளாக நின்ற அந்த லயமே சிரித்தது. அவன் வாசலில் நின்று, இதற்கு நாம் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அவ்வளவுதான், நினைத்துக்கொண்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அவன் முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண் சிவக்க, யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். எதிர்க் காம்பராவில் குடியிருந்த விதவை பெரியாயி அதைப் பார்த்துவிட்டாள். கும்பிட்டு விழுந்து, தொலைந்த ஆட்டைப் பற்றிக் கேட்டாள். அவன் எதையோ உளறினான். ஆடு மறுநாள் தானாக வந்து சேர்ந்தது. அது போதாதா நம் சனத்துக்கு? இழுப்பு ரெங்கசாமி முனி இறங்கிய ரெங்கசாமி ஆனான். வெள்ளிக்கிழமைதோறும் ஆட்கள் குறி கேட்க வந்தார்கள்.

அவன் மனைவி இராக்கம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். கொட்டை முடிந்த துணி முடிச்சு அவள் கண்ணில் பட்டு நாளாகியிருந்தது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியில் மற்றப் பெண்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். பதினைந்து வருடம் கடைசியில் நின்றவளுக்கு முதல் குடம் கிடைத்தால், அவளும் மனுஷிதானே.

இதெல்லாம் ஆடு, கோழி, கலியாணப் பேச்சோடு நின்றிருந்தால் பெரிய கேடில்லை. அப்போதுதான் இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் பேசி, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று பிரித்திருந்தன. எங்கே இருக்கப் போகிறாய் என்று ஒவ்வொரு குடும்பமும் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுபதாம் வருடம் சித்திரையோடு அதுவும் மூடிவிடும். இந்தியாவைக் கண்ணால் பார்த்தவர்கள் லயத்தில் இல்லை. இங்கே இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களும் இல்லை. தோட்டத்துத் துரையைக் கேட்டால் சிரித்தார், கணக்கப்பிள்ளையைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார். அதனால் முனியைக் கேட்டார்கள். பாஸ்போர்ட் விவகாரம் முனியாண்டிக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எழுபதாம் வருடம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெங்கசாமியின் தம்பி கந்தப்பன் பதுளையிலிருந்து சட்டை மடிப்புக் கலையாமல் வந்தான். வெலிமடை மரக்கறி லொறியில் கிளீனராக இருக்கிறவன். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஸ்டுடியோவில் எடுத்த படத்தைக் காட்டினான்.

"பாஸ்போட்டுக்கு வேணும்னாங்க அண்ணே. நீ சொன்னபடி ஆடி மாசமே எழுதிக் குடுத்துட்டேன்ல, சீக்கிரம் கூப்புடுவாங்களாம்."

ரெங்கசாமி படத்தைப் பார்த்துத் தலையாட்டினான். தம்பி போனதும் இராக்கம்மாவிடம் கேட்டான்.

"நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "இந்தியாவுக்கு எழுதுன்னீங்க. இங்க ஒனக்கு மண்ணில்லன்னீங்க. அவரு கால்ல விழுந்துட்டுப் போனாரு."

"எனக்கு ஞாபகமே இல்ல."

"எனக்குத் தெரியும்."

கூடப் பிறந்த ஒரே தம்பி கடல் தாண்டிப் போகிறான், அதுவும் தான் உளறிய பேச்சை நம்பி. ரெங்கசாமி நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தான். துக்கமும் இல்லை, பதற்றமும் இல்லை. ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் அவனைப் பயமுறுத்தியது. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது: அடுத்த வெள்ளிக்கிழமை பெரியாயி தன் பாரத்தைக் கொண்டுவந்து கேட்கப் போகிறாள். அன்று அவனிடம் கொட்டை இருந்தால் அவளுக்கும் எதையாவது சொல்லிவிடுவான். மாற்றி எழுதுகிறவர்கள் சித்திரைக்குள் எழுதலாம் என்று பேச்சு. எதுவானாலும் அதற்குள்ளாகத்தான்.

வைத்தியம் பார்ப்பது என்று அன்றே தீர்மானமாகிவிட்டது. எங்கே பார்ப்பது என்பதில்தான் இழுபறி.

இராக்கம்மா கோடங்கியைச் சொன்னாள். "உடுக்கடிச்சு சாமிய மல ஏத்திவிடச் சொல்லுவோம். முனி போயிட்டாருன்னா சனம் வராது. நீங்களும் மெதுவா விட்டுருங்க. யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்."

மானத்துக்கு நல்ல வழிதான். ஆனால் முனி மலையேறினாலும் முனி சொன்ன சொல் லயத்திலேயே இருக்கும். கந்தப்பன் அதைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறுவான். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் டாக்டரய்யா துண்டு எழுதி ஆபீசுக்கு அனுப்புவார், ஸ்டோர் வேலை போகும். மூன்றாவது, பதுளை பெரியாஸ்பத்திரி. அங்கே போனால் பைத்தியம் என்று அங்கொடைக்கு ஏற்றிவிடுவார்கள் என்பது லயத்தில் எல்லோருக்கும் இருந்த பயம்.

திங்கட்கிழமை அவன் மஹ்ரூப் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கிழவருக்கு வந்த கோபத்தில் தராசுத் தட்டைக் கீழே போட்டார்.

"நான் குடுத்தது எலதானே? கொட்டையத் திங்கச் சொல்லி யாரு சொன்னது?" தட்டை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு, "என்ட கடையில இதுக்கு மருந்தில்ல தம்பி. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. சாமி வருது, பேய் வருதுன்னு சொன்னா அவங்க பைத்தியக் கணக்குலதான் பார்ப்பாங்க. ஊமத்தங் கொட்டன்னு உள்ளதச் சொன்னா நஞ்சுக்குப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பாங்க. எதையும் மறைக்காம சொல்லுங்க" என்றார்.

உள்ளதைச் சொல்லலாம். யாரை வைத்துச் சொல்வது? அங்கே பார்க்கிற டாக்டர் சிங்களவர். ரெங்கசாமிக்குத் தெரிந்த சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். நோயை விவரமாக எடுத்துச் சொல்லும் அளவுக்குச் சிங்களம் பேசுகிறவன் சொந்தத்தில் ஒருவன்தான் இருந்தான்.

"கந்தப்பனைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் இராக்கம்மா.

"அவன் வேணாம்."

"வேற யாரு இருக்கா?"

இரண்டு நாள் கொட்டையைத் தொடாமல் இருந்தான். இழுப்பு பழைய வேகத்தோடு திரும்பி வந்தது. புதன்கிழமை காலையில் கந்தப்பன்தான் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏற்றினான். வழியெல்லாம், "சாமி ஒடம்புல எறங்குனா இப்பிடித்தான் அண்ணே, ஒடம்பு தாங்காது" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தான். ரெங்கசாமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் இளம் வயதுக்காரர். உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். அண்ணனைக் கேட்காமலே கந்தப்பன் சிங்களத்தில் தொடங்கிவிட்டான். அதில் சாமிக்கான சொல் ரெங்கசாமிக்குப் புரிந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்ததும் புரிந்தது. அவன் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அப்பிடிச் சொல்லாதடா. சாமி இல்ல. ஊமத்தங் கொட்ட. ரெண்டு வருசமாத் திங்கிறேன். அதச் சொல்லு."

கந்தப்பன் சிரித்தான். "என்ன அண்ணே, காச்சல்ல பேசுற மாதிரி பேசுற."

"இப்பதான்டா தெளிவாப் பேசுறேன்."

சிரிப்பு அவன் முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது, எடுக்க மறந்துவிட்டான். டாக்டர் மேசையைத் தட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். கந்தப்பன் அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஆடி மாசமுமா?"

"ஆடி மாசமும்."

அந்த இடத்தில் கந்தப்பன் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சாமி என்றே சாதித்து, அண்ணனை அங்கொடைக்குக்கூட அனுப்பியிருக்கலாம். அவன் டாக்டரைப் பார்த்து, "அத்தன" என்றான். ஊமத்தைக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். டாக்டர் எழுந்துவந்து ரெங்கசாமியின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். பிறகு கேள்விகள் வந்தன. ஒரு தடவைக்கு எத்தனை கொட்டை, எப்போது கடைசியாகத் தின்றது, எதற்காகத் தொடங்கியது. யாரோ ஒருத்தரின் கடிதத்தை வாசிப்பதுபோல் கந்தப்பன் ஒவ்வொன்றையும் தமிழாக்கினான், பதிலைச் சிங்களமாக்கினான். ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை. கடைசிக் கேள்வியில் மட்டும் நின்றான்.

"தின்னுட்டு இருக்கிறப்ப பேசுறதெல்லாம் பொறகு ஞாபகம் இருக்குதான்னு கேக்குறாரு."

"இல்ல. ஒனக்குச் சொன்னதும் ஞாபகம் இல்ல. இராக்கம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அவ்வளவையும் கந்தப்பன் டாக்டரிடம் ஒரே சொல்லில் முடித்தான்: இல்லை என்றான்.

அவனை வார்டில் போட்டார்கள். அங்கொடைப் பேச்சே எழவில்லை. இழுப்புக்கு ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இனித் தூசி கூடாது, ஸ்டோர் வேலையை விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் மூன்று நாள் உடம்பு அலைக்கழிந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில் ஆஸ்பத்திரிப் பாண் ரொட்டியில் உப்பு குறைவாக இருக்கிறது என்று நாக்குக்குத் தெரிந்தது. அதை வைத்துத்தான் தேறி வருகிறோம் என்று அவன் கண்டுகொண்டான்.

சனிக்கிழமை இராக்கம்மா வந்தாள். கந்தப்பன் லயத்தில் எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டானாம். பெரியாயி மண்ணை வாரித் தூற்றினாளாம். ஆனால் பாரத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாளாம். "பீலியில என்னையப் பாத்துக் காறித் துப்புறாளுக" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். பிறகு, "பரவாயில்ல, நீங்க சோறு திங்கிறீங்கள்ல" என்றாள்.

கந்தப்பன் ஆறாம் நாள்தான் வந்தான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். திட்டப்போகிறான் என்று ரெங்கசாமி காத்திருந்தான். இரண்டு அறை விட்டால்கூட நல்லது என்று ஆசைப்பட்டான். அவனோ மெதுவாகத்தான் பேசினான்.

"இன்னும் இருவது நாளு இருக்கு. மாத்தி எழுதுறதுன்னா இப்பவே எழுதணும்."

"எழுதுடா."

"இந்தியா வேணாமா?"

"நான் அப்பிடிச் சொல்லல…"

"இப்ப நீ தெளிவா இருக்க. அதுனால கேக்குறேன் அண்ணே. போகவா, இருக்கவா?"

ரெங்கசாமி உண்மையாகவே யோசித்தான். பதினெட்டு வருடம் தூசி தின்ற அந்த ஸ்டோரை யோசித்தான். யாரும் பார்த்திராத அந்த ஊரை யோசித்தான். தம்பி போய்விட்டால் தன் சாவுக்கு வர ஆளிருக்காது என்பதையும் யோசித்தான். அதைக் காரணமாகச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"தெரியலடா."

"அன்னைக்குத் தெரிஞ்சுச்சே" என்றான் கந்தப்பன். "கேட்டு வாய மூடல, நீ சொல்லிட்ட. கொட்டையோ எதுவோ. அதுக்கு முந்தி ஒரு வருசம் நான் தூங்கல அண்ணே. நீ சொன்னதுலருந்து எட்டு மாசம் நல்லாத் தூங்குனேன்."

ரெங்கசாமிக்கு அழுகை வந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதான். போகாதடா என்று சொல்ல வாயெடுத்தான். இழுப்பில் பாதிதான் வெளியே வந்தது. கந்தப்பன் கிட்ட வந்து அவன் முதுகைத் தடவிவிட்டான். பார்வையாளர்கள் போக வேண்டும் என்று தாதி வந்து சொல்லும்வரை தடவிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான்.

"எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும் அண்ணே" என்றான். "எனக்கு இப்ப ரெண்டும் ஒண்ணுதான்."