ரஹ்மத் மேடம் கண்ட நீலப் படிவு

பேரியம் நைட்ரேட் மாதிரியை நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரஹ்மத் மேடத்தின் தம்பி, விருதுநகரில் வற்றல் மண்டி வைத்திருப்பவர், பேசினார். "அக்கா மௌத்தாயிட்டாக சார். அசர் தொழுகைக்குப் பெறவு அடக்கம். வந்துருங்க." சிறுநீரகக் கோளாறால் மூன்று மாதமாக மேடம் வேலைக்கு வரவில்லை. இருந்தாலும் திரும்பி வருவார் என்றே நினைத்திருந்தேன்.

நாரணாபுரத்தில் உள்ள எங்கள் பட்டாசுக் கம்பெனியின் சோதனை அறையில் அவரும் நானும் பதினோரு ஆண்டுகள் எதிரெதிர் மேசையில் இருந்தோம். வந்திறங்கும் ரசாயனத்தில் கலப்படம் உண்டா என்று பார்ப்பது எங்கள் வேலை. "சந்தேகம் இருந்தா சந்தேகம்னே எழுதுங்க சார். நாம எழுதுறத நம்பித்தான் அங்கன கலவை போடுறாக" என்பார். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். நான் எழுதப்போவது நீங்கள் கேட்டிராதது.

சில ஆண்டுகளுக்கு முன், திரி வெட்டும் பிரிவில் வேலை செய்யும் பேச்சியம்மாள் ஒருநாள் சாக்கில் சுற்றி ஒரு கல்லைக் கொண்டுவந்தார். தேங்காய் அளவுதான், கனமோ கையை இழுத்தது. மல்லாங்கிணறு பக்கம் அவர் கணவர் கிணறு தோண்டும்போது கிடைத்ததாம். யாரோ ஒருவன் வீட்டுக்கு வந்து, இது இரிடியம், கோடி பெறும், சோதனைச் செலவுக்கு உங்கள் தோட்டைக் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான்.

மேடம் ஓர் ஓரத்தை அரத்தால் ராவினார். துருவுக்கு அடியில் வெள்ளி போல மின்னியது. அந்தத் தூளைக் கரைத்து நிக்கல் சோதனை செய்தார். ரோஜாச் சிவப்பாகப் படிந்தது. "வானத்துல இருந்து விழுந்த கல்லுதான் பேச்சி. இரும்பும் நிக்கலும். இரிடியம்னு எவனும் வந்தா வெரட்டி விடு. தோட்டக் கழட்டாத" என்றார். பேச்சியம்மாளின் தோடு தப்பியது.

கல்லை இரண்டு வாரம் வைத்திருக்க மேடம் அனுமதி கேட்டுக்கொண்டார். அதன் ஒரு வெடிப்புக்குள், துருவோடு ஒட்டி, வான நீலத்தில் மாவு போல ஒரு மெல்லிய படிவு இருந்தது. நகம் பட்டாலே உதிர்ந்தது. ஊசி முனையளவு எடுத்துப் பார்த்ததில் பாஸ்பேட் இருப்பது தெரிந்தது. கல்லூரி நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து, "அருபைட்னு ஒரு கனிமம் சார். நிக்கல் பாஸ்பேட், தண்ணியையும் சேத்துப் பிடிச்சு வச்சிருக்கும். விண்கல்லுல இரும்பு, நிக்கல், பாஸ்பரஸ் மூணும் சேந்த ஒரு பொருள் இருக்கு. அது மண்ணுக்குள்ள கெடந்து ரொம்ப காலம் துருப்பிடிச்சா இது உண்டாகுமாம். ஒலகத்துலயே அபூர்வம்" என்றார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

எனக்கு உறுத்தியது. "நீலம்னா செம்புதான் மேடம். நீல மத்தாப்புக்குப் போடுற செம்பு உப்பு நம்ம ரூம்ல பறக்காத எடம் ஏது?" என்றேன். எக்ஸ்ரே சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும் என்றார். அவர் தாயாருக்கு உடம்பு முடியாமல் நான்கு நாள் விடுப்பில் போனார். "கல்லத் தொடாதீக, நான் வந்து அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூன்றாம் நாள் தொட்டேன். நான் சொன்னதே சரி என்று காட்டும் ஆசைதான். வேறு காரணம் இல்லை. வெடிப்புக்குள் நீர்த்த அமிலத்தை ஊற்றினேன். நீலம் முழுவதும் கரைந்து வந்தது. அந்தக் கரைசலில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டேன். செம்பாக இருந்தால் ஆணி சிவந்திருக்கும். காத்திருந்தேன். சிவக்கவில்லை. கல்லிலும் அனுப்புவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

மேடம் வந்து வெடிப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பேச்சி வந்து புளி போட்டுத் தேச்சுட்டா மேடம்" என்றேன். வாய் கூசவில்லை, அதுதான் இன்றும் என்னை வதைக்கிறது.

"அவ மேல போடாதீக சார். ஆசிட் வாடை இன்னும் போகல" என்றார். பிறகு, "செம்பு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

தன் பதிவேட்டை எடுத்து எழுதினார்: 'நீலப் படிவு. செம்பு அன்று. என்னவென்று உறுதி செய்ய இயலவில்லை.' என் பெயரை எழுதவில்லை. அன்று மாலையே கல்லைப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் தான் படித்த எதையும் எனக்குச் சொல்லவில்லை.

அடக்கத்தன்று பேச்சியம்மாள் தெருமுனையில் நின்று அழுதுகொண்டிருந்தார். அருகில் போய், அன்று அவர் மேல் பழி போட்டதைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே சார்" என்றார். பிறகு, "இம்புட்டு வருசமா என்னையக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவீக. நான்தான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மேடத்தின் மேசை இப்போது காலியாக இருக்கிறது. எந்த மாதிரி வந்தாலும் பாதியைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டே சோதிக்கிறேன். அவர் எனக்கு விட்டுச்சென்றது இந்தப் பழக்கம். இதை அவர் கற்றுக்கொடுக்கவில்லை. அவருக்கு நான் செய்ததிலிருந்து வந்தது.