நல்லா இருக்கும்போதும் பூச வேண்டும்

அவளுக்குத் தோலில் கரப்பான் வந்தது பால்குடி வயதில். முழங்கை மடிப்போடு நின்றிருந்த அது, அண்ணியின் அழகு நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்ததும் விரல்களுக்கு இறங்கியது. நாள் முழுக்கத் தண்ணீர், ஷாம்பு, முடிச்சாயம். சாயங்காலத்துக்குள் விரலிடுக்கு வெடித்து, சீப்பைப் பிடித்தாலே எரியும்.

தலை கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் கூடவே ஒரு வைத்தியமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி முட்டையை விடச் சொன்னாள், விட்டாள். இன்னொருத்தி பாலை, அதையும் விட்டாள். உடம்பு மெலிந்தது, அரிப்பு கொழுத்தது. மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிய களிம்பில் சட்டென்று ஆறும். நிறுத்தினால் முன்னைவிட மூர்க்கமாக வரும். வருடக்கணக்கில் இதே கதை.

ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்த பெண்மணி கண்ணாடியில் அவள் கையைப் பார்த்துவிட்டாள்.

"வேற யாரும் இல்லையா?"

"இது ஒட்டுற வியாதி இல்லீங்க."

"இருக்கட்டும். தலையில கை வைக்கணுமே."

அண்ணி வந்து கத்தரியை வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கொஞ்ச நாள் கல்லாவுல உட்காரேன்."

"கொஞ்ச நாள்னா? பிறந்ததுல இருந்து இருக்கு அண்ணி."

அன்றே தோல் மருத்துவரிடம் போனாள். அந்த அம்மாள் இரண்டு கைகளையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முழுசா போகும்னு சொல்ல மாட்டேம்மா. அடக்கி வெச்சுக்கலாம்."

"அதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

மருத்துவர் கோபப்படவில்லை. சோப்பைத் தொடாதே, கை கழுவினதும் வாசனையில்லாத கெட்டி க்ரீம் தடவு, வெடித்தால் மட்டும் மருந்துக் களிம்பு, அதுவும் சொன்ன நாள்வரைக்கும் என்றார்.

"க்ரீம் நல்லா இருக்கும்போதுமா?"

"அப்பதான் முக்கியம்."

அதைக் கேட்டுத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் தடவினாள். கதவுக் கைப்பிடி, கைபேசி, கணவனின் சட்டை எல்லாம் வழவழத்தன. "முடி வெட்டறது நான்தான். அலசவும் சாயம் பூசவும் வேற ஆள் வைங்க. கல்லாவுல உட்கார மாட்டேன்" என்று அண்ணியிடம் கறாராகச் சொன்னாள். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் ஆள் வைத்தாள்.

சில மாதங்கள் கை கைபோல் இருந்தது. பிறகு ஒரு வெயில் காலத்தில், மருத்துவர் சொன்ன எதையும் மீறாமலே, மறுபடி வெடித்தது. க்ரீம் டப்பாவைக் குளியலறைச் சுவரில் எறிந்தாள்.

கணவன் எட்டிப் பார்த்தான். "என்ன தப்புப் பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. அதான் ஆத்திரம்."

அவன் துணியை நனைத்துச் சுவரைத் துடைத்தான். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் மருந்துக் களிம்பை எடுத்து வெடிப்புகளில் தடவினாள். இந்த முறை சீக்கிரமே அடங்கியது. அடங்கிய பிறகும் க்ரீமை நிறுத்தவில்லை, திட்டுவதையும் நிறுத்தவில்லை.