ஈரச் சாக்கும் அரிப்பு நாயும்

ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரியும் விளக்கும் கத்தும் சைரனும் மன்னாரில் பல வீடுகளில் நான் பொருத்திப் பூட்டியவை. உப்புக்குளத்தில் என் வீட்டுக்கு வேலை சொல்ல வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பாஸ் இல்லையோ?" என்றுதான். "நான்தான் பாஸ், சொல்லுங்கோ" என்பேன். வயரிங் செய்கிற பெண் என்றால் யாரோ ஓர் ஆணுக்குக் கையாள் என்று நினைப்பு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அரிப்பு என்ற கரையோர ஊரில் செய்த வேலையைப் பற்றி மட்டும் கோபமில்லாமல், பெருமையாகவே பேசுவேன்.

அங்கே ஓர் அக்கா கடற்கரையோரம் கருவாடு காயவைக்கிறார். படகு இழுக்கும்போது அவருடைய கணவர் கால் முறிந்து, முருங்கன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நோயாளரைப் பார்க்கும் நேரம் பன்னிரண்டிலிருந்து ஒன்று. கருவாட்டுக்கும் அதுதான் நல்ல வெயில். காகத்தைத் தடுக்க வலை போதும். நாய் வலையையே கிழித்துவிடும். காவலுக்கு வேறு ஆள் இல்லாமல் அக்கா நான்கு நாளாகத் தடியோடு அங்கேயே நின்றார்.

"ஒருக்கா அவரைப் பாத்திட்டு வந்தால் காணும், தங்கச்சி" என்றார்.

"நாளைக்கு நீங்கள் போறீங்கள். நாயை என்ர மிசின் பாக்கும்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. சூடுள்ள எதுவும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை விட்டுக்கொண்டே இருக்கிறது. மிசினுக்குக் கண்ணாக இருக்கிற சென்சார் தன் பக்கமிருந்து எதையும் அனுப்பாது, வருவதை வாங்கிக்கொள்ளும். உள்ளே இரண்டு சின்னப் படிகத் துண்டுகள் இருக்கின்றன. சூடு மாறும் கணத்தில் மட்டும் அவை துளி மின்சாரம் தரும். இரண்டையும் எதிரும் புதிருமாக இணைத்திருப்பார்கள். வெயில் ஏறினால் இரண்டும் ஒன்றாகச் சூடேறி, ஒன்றின் மின்சாரத்தை மற்றது இல்லாமல் செய்துவிடும். நாய் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு துண்டு உணரும், பிறகு மற்றது. உடனே சைரன் கத்தும். முன்னாலுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் மூடிதான் வில்லை. அது எதிரேயுள்ள வளவு நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து உள்ளே காட்டும்.

மறுநாள் விடியக் காலை பூட்டிப் பார்த்தேன். அக்கா கடந்தார், கத்தியது. ஒரு கோழி கடந்தது, அதற்கும் கத்தியது. பதினொரு மணி பஸ்ஸுக்கு அக்கா சோற்றுப் பார்சலோடு றோட்டுக்குப் போனார். நான் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

நாய் வந்தது. ஓலை வேலியோரமாக, சென்சாருக்கு நேர் எதிரே, ஆறுதலாக நடந்து, இருந்ததில் பெரிய கட்டாக் கருவாட்டைக் கவ்விக்கொண்டு போனது. இப்போது கத்தும், இப்போது கத்தும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், சைரன் வாயே திறக்கவில்லை. றோட்டில் நின்ற அக்கா நாயின் வாயில் தன் கருவாட்டைக் கண்டு ஓடிவந்தார். பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

"உம்மட மிசினுக்குக் கண் தெரியாது போல" என்றார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிரிக்காத பார்சலைப் பார்த்தபோது வெட்கத்தில் குறுகிப்போனேன்.

ஆத்திரத்தில் வேலியில் ஓங்கிக் கையை வைத்தேன். சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. அப்போதுதான் விளங்கியது. அந்த வெயிலில் வேலிக்கும் நாய்க்கும் ஒரே சூடு. நாய் கடந்தாலும் சென்சாருக்கு எதுவும் மாறவில்லை. குளிரான காலையில் சோதித்துவிட்டு உச்சி வெயிலுக்கு உத்தரவாதம் கொடுத்த மடச்சி நான்.

அக்கா மீன் பெட்டியை எப்போதும் ஈரச் சாக்கால் மூடிவைப்பார். அதைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. அந்தக் கரையில் காற்று ஓய்வதில்லை, ஈரத்தில் பட்டால் நன்றாகக் குளிரும். அவரிடம் இருந்த சாக்கையெல்லாம் வாங்கி நனைத்து வேலி நீளத்துக்குக் கட்டினேன். சாக்கு ஆடினால் அதற்கும் சைரன் கத்தும் என்பதால் மேலும் கீழும் தங்கூசி என்கிற நைலோன் நூலால் இறுக்கினேன். காயாமலிருக்க, தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து ஒரு குழாயை இழுத்து, ஊசியால் துளையிட்டு மேலே ஓடவிட்டேன். குளிர்ந்த சாக்குக்கு முன்னால் இனி எந்த நாயும் நெருப்புத் துண்டு மாதிரித் தெரியவேண்டும்.

அடுத்த நாள் அக்கா என்னை நம்பிப் போகவில்லை. கணவரைப் பார்க்காமல் இருக்க முடியாததால் போனார். நான் வேலிக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒளிந்திருந்தேன். அதே நாய், அதே வழி, அதே ஆறுதல் நடை. இரண்டாவது சாக்கைத் தாண்டவில்லை, சைரன் அலறியது. நாய் கடல் பக்கம் பறந்தது. தனியாக இருந்து கைதட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று கவலையாகக்கூட இருந்தது.

இரண்டு மணிக்கு அக்கா திரும்பினார். கருவாட்டை எண்ணுவார், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கலாம் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே என்னிடம் வந்து வெறும் பார்சல் தாளை விரித்துக் காட்டினார்.

"முழுக்கச் சாப்பிட்டவர், தங்கச்சி. என்ர கையால."

நாய் வந்ததா என்று அவர் கேட்கவே இல்லை.