மினிட்ஸ் அக்கா எண்ணிய கை

பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அவர் மினிட்ஸ் அக்காதான். ஆட்சிக்குழு கூடும்போதெல்லாம் மூலையில் இருந்த குட்டி மேசையில் உட்கார்ந்து நடப்பதைச் சுருக்கெழுத்தில் எழுதுவார். மறுநாள் அதை ‘மினிட்ஸ்’ என்ற கூட்டக் குறிப்பாகத் தட்டச்சு செய்து தருவார். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அது அங்கே இருப்பதை மறந்துவிட்டு மேசையெல்லாம் பென்சிலைத் தேடுவார்.

அந்த வருடம் மாலை வகுப்பு மாணவர்களின் பிரதிநிதி நான். பிரதிநிதி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். உறுப்பினர்கள் பதினான்கு பேருக்கும் நீள மேசையைச் சுற்றி மெத்தை நாற்காலி. எனக்குச் சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலி. கேட்டால் பேசலாம், வாக்கு கிடையாது. ஒரு வருடத்தில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துறியாம்மா?”

வாக்கெடுப்பு என்றால் கை தூக்குவார்கள். எண்ணுவது அக்காவின் வேலை. யார் எந்தப் பக்கம் என்று அலுவலகத்துக்காரர்கள் பார்ப்பது மரியாதையில்லையாம். அதனால் முகத்தைப் பார்க்காமல் கைகளை மட்டும் எண்ணித் தொகையைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

ஒருநாள் நூலகத்தை மாலை ஐந்து மணிக்கே மூடும் தீர்மானம் வந்தது. பகலில் மருந்துக் கடையில் நின்றுவிட்டு ஐந்தரைக்கு ஓடி வருபவள் நான். எட்டு மணி வரை திறந்திருக்கும் அந்த நூலகத்தை நம்பித்தான் என் படிப்பே ஓடிக்கொண்டிருந்தது. “மூட வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம்” என்றார் துணைவேந்தர். என் கை தானாகவே மேலே போய்விட்டது. மேசைக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரை யார் பார்ப்பார்கள்!

“எட்டுங்க” என்றார் அக்கா. மூட வேண்டும் என்பவர்கள் ஏழு. அதற்குள் தேநீர் வந்துவிட்டது. கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நூலகம் பிழைத்தது.

அடுத்த மாதம் அந்தக் குறிப்பை வாசித்து ஒப்புதல் கேட்டபோதுதான் கணிதப் பேராசிரியர் தலையைத் தூக்கினார். “பதினாலு பேர்ல பதினஞ்சு கை எப்படி வந்துச்சு?”

பதிவாளர் அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார். “யாரோட கைம்மா அது?”

“தெரியலைங்க. முகம் பாக்கறது வழக்கமில்லையே.”

“எண்ணத் தெரியாதவங்களுக்கு இந்த மேசை எதுக்கு? மெமோ குடுத்தாத்தான் சரிப்படும்.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முகம் சிவந்து அவர் நின்ற நிலையைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. “அந்தக் கை என்னோடதுங்க” என்றேன்.

ஏழுக்கு ஏழானது. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு; துணைவேந்தர் அதை மூடும் பக்கம் போட்டார். என் பதவியை அங்கேயே பறித்தார்கள். அக்காவுக்கு மெமோவும் கிடைத்தது, சான்றிதழ் பிரிவுக்கு மாற்றலும் கிடைத்தது. ஜன்னல்கூட இல்லாத அறை அது. மறுநாளிலிருந்து நூலகம் ஐந்து மணிக்குப் பூட்டப்பட்டது.

கிளம்புவதற்கு முன் அன்றைய குறிப்பை அவர்தான் தட்டச்சு செய்தார். “எண்ணிக்கை திருத்தப்பட்டது என்று எழுதினால் போதும்” என்றார் பதிவாளர். அக்கா முழுதாக எழுதினார்: “மாணவர் பிரதிநிதி கை உயர்த்தியிருந்தார். வாக்குரிமை இல்லாததால் அது நீக்கப்பட்டது.” அடுத்த கூட்டத்தில் வழக்கம்போல் காதில் வாங்காமலேயே ஒப்புதல் கொடுத்தார்கள்.

ஆறு வருடம் கழித்து மாணவர்கள் வாக்குரிமை கேட்டுப் போராடினார்கள். “இதுவரை யாருமே கேட்டதில்லையே” என்றது நிர்வாகம். மாணவர்கள் பழைய குறிப்பைப் புரட்டி அந்த இரண்டு வரிகளை எடுத்து நீட்டினார்கள். மேசையில் இரண்டு இடம், இரண்டு வாக்கு கிடைத்தது. நூலகம் மறுபடி எட்டு மணி வரை திறந்தது.

அக்கா ஓய்வுபெற்ற அன்று போயிருந்தேன். கொண்டையில் பென்சில் அப்படியே இருந்தது.

“அந்த வருஷப் பரீட்சை எழுதினியா?” என்று கேட்டார்.

“இல்லக்கா. படிக்க இடமில்ல. அப்படியே விட்டுட்டேன். இப்பவும் அதே மருந்துக் கடைதான்.”

என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் மனதை அரித்ததை அப்போதுதான் கேட்டேன். “நான் அன்னைக்குக் கை தூக்காம இருந்திருந்தா உங்களுக்கு அந்த இருட்டு ரூம் வந்திருக்காதே அக்கா? உங்களை அறியாம என் கையையும் எண்ணிட்டீங்க.”

“அறியாம எண்ணினேன்னு யார் சொன்னா? பதினஞ்சு வருஷம் முகம் பாக்காமதான் எண்ணினேன். அன்னைக்குச் சுவரோரம் ஒரு கை எழுந்துச்சு. யாருன்னு பாத்துட்டேன். பாத்தப்புறம் எப்படி எண்ணாம விடறது?”