ஈரப் புல்லில் ஓர் இரவு

தீய்ந்த அத்தாப்பு ஓலைக் கூரையின் வாசனை அப்பாவின் காக்கிச் சட்டையிலிருந்து எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. லாரி ஓட்டுநரான அவர், கம்பம் எனப்பட்ட குடிசைப் பகுதி எரிந்த அன்று மாலையிலிருந்து மறுநாள் மதியம்வரை, வீடிழந்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் வட்டாரத்துப் பெண்கள் கூடி, வீடிழந்தவர்களுக்காக ஃபேரர் பார்க் திடலில் ஓர் இரவு முழுக்க வெட்டவெளியில் படுப்பது என்று தீர்மானித்தார்கள். அம்மா பாயைச் சுருட்டியபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது.

"நீங்க திடல்ல படுத்தா அவங்களுக்குக் கூரை வந்துருமா?"

"வராது. ஏன் இங்க படுத்திருக்கீங்கன்னு போறவங்க வர்றவங்க கேப்பாங்கல்ல. கேட்டா சொல்லலாம்," என்றார் அம்மா. என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கேட்கத்தான் செய்தார்கள். சினிமா விட்டுப் போனவர்களும் சைக்கிளில் வந்தவர்களும் நின்று விசாரித்தார்கள். சிலர் வீட்டுக்குப் போய் அரிசியும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஆ லான் என்ற சீனப் பெண்மணி, ஆறு வயது மகளுடன் அன்று எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். கணவர் இல்லாதவர். அக்காலத்தில் எல்லா இனத்தாரும் சந்தையில் பேசிய "பசார் மலாயில்" அவர் நடந்ததைச் சொல்ல, அது புரியாதவர்களுக்கு அம்மா தமிழில் சொன்னார். தையல் இயந்திரத்தை எடுக்கத் திரும்பி ஓடியவர், மகளின் அலறல் கேட்டு, அதைப் பாதி வழியிலேயே போட்டுவிட்டு வந்தாராம்.

விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கூரையுள்ள இடம் தேடி ஓடினோம். ஆ லான் மட்டும் ஓடவில்லை. நாங்கள் விட்டுவிட்டு வந்த பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு நனைந்தபடி வந்தார். அம்மாவின் பாயை நீட்டிவிட்டு, "பெசோக் பாலேக் ரூமா?" என்றார். விடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவாய்தானே என்று அர்த்தம். குற்றம் சொல்லும் குரல் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா பாயை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் வழிந்தது மழையா என்று எனக்குத் தெரியவில்லை.

பொழுது விடிந்ததும், மற்றவர்கள் கலைந்து போக, அம்மா அந்தச் சிறுமியைத் தூக்கிக்கொண்டார். ஆ லானைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பஃபலோ ரோட்டில் கடைக்கு மேலிருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் அப்பா என்ன சொல்வாரோ என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைய நான்தான் லாரில ஏத்துனேன்," என்றார் மெதுவாக. "வழி முழுக்க அழவே இல்ல."

பிறகு தன் மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே, கடைவாசல் நடைபாதையான "அஞ்சடியில்" போட்டார். ஆ லானுக்கு அடுக்குமாடி வீடு கிடைக்கும்வரை, ஏழு மாதம், அங்கேதான் படுத்தார்.

அந்தத் திடலின் பெரும்பகுதி இப்போது இல்லை; எங்கள் வீடிருந்த வரிசையையும் இடித்துவிட்டார்கள். பல வருடம் கழித்து அம்மா இறந்த அன்று, தோ பாயோவிலிருந்த தன் வீட்டிலிருந்து வந்த ஆ லான், உடலருகே உட்கார்ந்து, பேத்தி பிறந்ததையும் கால்வலியையும் மீன் விலையையும் பசார் மலாயில் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். என் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அந்த மலாய் தெரிந்தவள் இன்று நான் ஒருத்திதான்; பேசினால் பதில் சொல்ல ஆளில்லை.