என் காரில் மட்டும் கேமரா இல்லை

கார்களில் கேமரா மாட்டும் தொழிலில் பாதி வேலை வயரை மறைப்பது. மீதிப் பாதி, மாட்டலாமா வேண்டாமா என்று தவிப்பவர்களை உட்கார வைத்துக் கோப்பி வாங்கிக் கொடுப்பது.

நீங்களும் அந்தத் தவிப்பில் இருப்பவர் என்றால் கூச்சப்படாதீர்கள். சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் ஒரு பட்டறையில் பதினாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அப்படியிருந்தும் என் சொந்தக் காரில் கேமரா மாட்டாமலே நாளைக் கடத்தினேன். வீட்டில் கேட்டால் "அடுத்த வாரம்" என்பேன். அந்த அலட்சியத்தால் என் மனைவி ஜெயந்தி நான்கு மாதம் கார்ச் சாவியைத் தொடவில்லை. அவள் மறுபடியும் ஓட்டுவாளா என்ற கவலையோடுதான் அந்த நான்கு மாதமும் ஊராரின் கார்களுக்குக் கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். அதனால் கீழே வருகிற கதைகளில் என் வீட்டுக் கதையும் கலந்துதான் வரும்.

சத்தம் வேண்டாம்

யாழ்ப்பாண வழி வந்த அம்மா ஒருவர். அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காரின் உள்கண்ணாடியில் சிறு சிலுவை தொங்கியது. அவ்வளவு மென்மையாகப் பேசுவார்; அவர் சொல்வது காதில் விழ நான் குனிய வேண்டியிருந்தது. கேமராவை மாட்டி முடித்ததும், கோணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரையே ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னேன். திரும்பி வந்ததும் படத்தைப் பட்டறையின் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன்.

படம் தெளிவாக இருந்தது. சத்தம் அதைவிடத் தெளிவாக இருந்தது. முதல் திருப்பத்தில் ஒரு லாரி குறுக்கே வருகிறது. உடனே அம்மாவின் குரல். அந்த வார்த்தைகளை நான் தேசிய சேவையில் ராணுவச் சார்ஜன்ட் வாயில்கூடக் கேட்டதில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஜாஃபர் சிரிப்பை அடக்க முடியாமல் டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முகம் மாறாமல், அதே மென்மையான குரலில் சொன்னார்: "தம்பி, ரோட்டில நடக்கிறதை இது பார்க்கட்டும். உள்ளுக்குள்ள நான் கதைக்கிறதை இது ஏன் கேட்கவேணும்?"

முதல் கேள்வி

ஜெயந்தி பாலர் பள்ளி ஆசிரியை. முப்பத்தொன்பது வயதில், மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் எடுத்தாள். கார் ஓட்டுவது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். வீட்டில் உப்புத் தீர்ந்தால்கூடச் சாவியைத்தான் எடுப்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு வேன் அவள் ஓட்டிவந்த எங்கள் காரின் இடது பக்கத்தில் மோதியது. சிக்னல் போடாமல் தடம் மாறினாள் என்று வேன்காரன் அடித்துச் சொன்னான். ஜெயந்தி எனக்கு போன் செய்தாள். "இடிச்சிட்டாங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் கேட்டேன்: "சிக்னல் போட்டியா?" "போட்டேன்" என்றாள். அத்தோடாவது விட்டேனா? "நல்லா ஞாபகம் இருக்கா?" என்றேன். அடி பட்டதா என்று மூன்றாவதாகத்தான் கேட்டேன். விபத்து என்று வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நான் கேட்கிற வரிசை அது. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அவள் தோளில் சீட் பெல்ட் இழுத்த சிவப்புத் தடத்தை மறுநாள்தான் பார்த்தேன்.

சாட்சியும் இல்லை, படமும் இல்லை. இரண்டு பக்கமும் தப்பு என்று இன்சூரன்ஸில் முடித்துவிட்டார்கள். கார் சரியாகி வந்த அன்று ஜெயந்தி சாவியைக் கொக்கியில் மாட்டினாள். அதன்பிறகு வேலைக்கு இரண்டு பஸ் மாறித்தான் போய் வந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அவள் பேசவில்லை. தாங்க முடியாமல் ஜாஃபரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறுதல் சொல்வான் என்று பார்த்தால், அவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "மச்சான், நீ புருஷனா பேசியிருக்கணும் லா. இன்சூரன்ஸ் ஆளு மாதிரி பேசியிருக்கே."

முன்னாடி போதும்

தேக்காவில் பூமாலை வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர், முன்னும் பின்னும் கேமரா மாட்டிப் போன பத்தாம் நாள் கொதித்துக்கொண்டு வந்தார். வேனின் பின்பக்கம் நசுங்கியிருந்தது. கார் பார்க்கில் எவனோ இடித்துவிட்டு ஓடிவிட்டான், விடமாட்டேன், ஊர் பூராவும் சொல்லிவிட்டேன் என்றார். மெமரி கார்டை எடுத்துத் திரையில் போட்டோம். பட்டறையே கூடி நின்றது.

பின்பக்கக் கேமராவில் ஒரு தூண் தெரிந்தது. தூண் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்னணியில் பக்திப் பாட்டு. டமால். பாட்டு நின்றது. அண்ணனின் குரலே "முருகா" என்றது. பிறகு வேன் முன்னால் நகர்ந்து, ஒன்றும் நடக்காதது போல நேராக நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "தம்பி, முன்னாடி இருக்கற கேமரா ரொம்ப அருமை. பின்னாடி இருக்கறத மட்டும் கழட்டிடுங்க."

சாப்பாட்டு மேசையில் ஒரு பெட்டி

அந்தக் கதையை வீட்டில் சொன்னபோது ஜெயந்தி சிரித்தாள். விபத்துக்குப் பிறகு என் முன்னால் அவள் சிரித்த முதல் சிரிப்பு. அந்தத் தைரியத்தில் மறுநாளே, கடையில் இருப்பதிலேயே உசத்தியான கேமராவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். "இனிமே ஒருத்தனும் உன்னைக் குத்தம் சொல்ல முடியாது" என்றேன். ஏதோ வைர மூக்குத்தி வாங்கி வந்தவன் மாதிரி நின்றேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் பெட்டியைத் திறக்கவில்லை. குழம்புப் பாத்திரத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். எனக்குச் சோறு போட்டாள். பிறகு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இது இருந்தா அந்த வேன்காரன் என்னை நம்புவான். அது சரி. நீங்க நம்பறதுக்கும் எனக்கு இது வேணுமா?"

ஏழு நிமிடம்

மறுநாள் காலையில் அந்தப் பெட்டியைப் பேசாமல் கடை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். அந்த வாரம்தான் இன்னொருவர் வந்தார். எங்கள் பேட்டைக்காரர், முந்தின வாரம் காரின் உள்பக்கத்தையும் பார்க்கிற கேமராவை மாட்டிக்கொண்டு போனவர். படம் சரியில்லையா, சூட்டில் நின்றுவிட்டதா என்று விசாரித்தேன். எல்லாம் நன்றாக வேலை செய்கிறது, அதுதான் சிக்கல் என்றார்.

அவருக்குப் பதினைந்து வயதில் ஒரு மகள். தினமும் காலையில் அவளைக் காரில் பள்ளியில் இறக்கிவிடுகிறார், ஏழு நிமிட தூரம். கேமரா மாட்டியதிலிருந்து அவள் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே வருகிறாளாம். ஒரு வார்த்தை இல்லையாம். நான் உள்பக்கக் கேமராவைக் கழற்றி, பசை ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்துக் கொடுத்தேன். எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்தது. ஜெயந்தியும் பக்கத்து இருக்கையில் இப்படித்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறாள், எங்கள் காரில் கேமரா இல்லாமலே. சாவியை வாங்கும்போது அந்த மனிதர் சொன்னார்: "வீட்டுக்கு வந்தா ரூம் கதவ சாத்திக்குவா அண்ணே. அந்த ஏழு நிமிஷம்தான் லா அவ எங்கிட்ட பேசுற நேரம்."

தேக்கா கார் பார்க்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தோம். ஜெயந்தி கடைசியாகக் கறிவேப்பிலை வாங்கி வருவதாகச் சொன்னதால் நான் முன்னால் வந்து காரில் பைகளை வைத்தேன். பக்கத்துக் காரின் இளைஞர் தன் கதவில் ஒரு கீறலைக் காட்டி, நான் கதவைத் திறந்தபோது இடித்துவிட்டதாகச் சண்டைக்கு வந்தார். இடிக்கவில்லை என்றேன். ஆதாரம் இருக்கிறதா என்றார். கூட்டம் சேர்ந்தது. என் கெட்ட நேரம், அன்று கடைச் சட்டையைப் போட்டிருந்தேன். முதுகில் தோசைக்கல் அளவுக்குக் கேமராப் படம். "அங்கிள், சட்டையில கேமரா இருக்கு, கார்ல இல்லையா?" என்றார். கூட்டம் சிரித்தது.

ஜெயந்தி வந்தாள். நடந்தது எதையும் அவள் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்த இளைஞர் பக்கம் திரும்பினாள். "இவர் இடிச்சிருந்தா இடிச்சேன்னு சொல்லிடுவாரு தம்பி. இல்லேன்னு சொல்றாருன்னா இல்ல." வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற அதே நிதானம். கூட்டத்தில் ஒருவர் குனிந்து பார்த்து, கீறலில் துரு ஏறியிருக்கிறதே, இது பழசு என்றார். இளைஞர் முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினார்.

நாங்களும் ஏறி உட்கார்ந்தோம். இஞ்சினைப் போடக் கை வரவில்லை. "அன்னைக்கு நான் முதல்ல உன்னைப் பத்தித்தான் கேட்டிருக்கணும். நீ போட்டேன்னு சொன்னப்பவே நம்பியிருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்றேன். நான்கு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது இவ்வளவுதான். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஜெயந்தி முந்தானையை எடுத்து நீட்டாமல் கறிவேப்பிலைப் பையை என் மடியில் வைத்து, தன் பையிலிருந்து டிஷ்யூவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "சரி, சொல்லிட்டீங்கல்ல. இப்ப வண்டிய எடுங்க, மீன் கெட்டுப்போயிடும்."

வரிசையில் மூன்றாவது கார்

அதற்குப் பிறகு அவள் சாவியைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துப் பள்ளி விடுமுறையில், நான் ஒரு டாக்சியின் கூரைத் துணிக்குள் வயரைச் செருகிக்கொண்டிருந்தபோது, "மச்சான், கஸ்டமர்" என்று ஜாஃபர் கத்தினான். வரிசையில் மூன்றாவதாக எங்கள் கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஜெயந்தி, தனியாக. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். எந்த வழியாக வந்தாய், தடம் மாறும்போது பயமாக இருந்ததா, பின்னால் எவனாவது ஹார்ன் அடித்தானா என்று எத்தனையோ கேள்வி முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கியா?" என்றேன். "நல்லா இருக்கேன். கோப்பி ஒண்ணு கிடைக்குமா?" என்றாள். ஜாஃபர் கோப்பி வாங்க ஓடினான். அலமாரியிலிருந்த அந்தப் பெட்டியைப் பிரித்தேன். மாட்டுவது முக்கால் மணி நேர வேலை. எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு வயர்கூட வெளியே தெரியவில்லை.

முடித்துவிட்டுச் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தபடி சொன்னாள்: "இது ஊர்க்காரங்களுக்கு. எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நீங்க முதல்ல என்னைக் கேளுங்க, அப்புறம் கேமராவைக் கேளுங்க."

கேமராவுக்கு இரண்டு வருஷம் வாரண்டி என்று தாளில் போட்டிருக்கிறது. மாட்டியவனுக்கு எத்தனை வருஷம் என்று ஜெயந்தி இன்னும் சொல்லவில்லை.